பரீட்சைக்கு முந்திய மொட்டை

— அப்பா, தொப்பிய கழட்டுங்க.

— வேன் ஓட்டறப்ப வம்பு பண்ணாத, அனு. கிளேபாங் வந்ததும் தேங்கா ஷேக் வாங்கித் தரேன், கம்முன்னு வா.

— வேனுக்குள்ள வெயிலா அடிக்குது? கழட்டுங்கன்னா... ஐயோ அப்பா! மொட்டை!

— கத்தாதலா! பின்னால லாரிக்காரன் பயந்து ஹார்ன் அடிக்கிறான் பாரு.

— என்னப்பா இது? நான் பாஸானா மொட்டை போடறதா முருகன்கிட்ட வேண்டியிருக்கீங்கன்னு அம்மா சொன்னாங்க. நான் இன்னும் பரீட்சையே எழுதல! அடுத்த வாரம்தான்!

— முடிதானே. வளந்துரும்.

— வேன்ல ஏறுற ஃபேக்டரி அக்காங்க சிரிக்கல?

— பழனிக்கா போனீங்கன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்.

— அப்பா, இது போன செமஸ்டர் நான் ஃபெயிலான அதே அனாலிசிஸ் பேப்பர். இந்தத் தடவையும் போச்சுன்னா மேத்ஸ விட்டு வேற கோர்ஸுக்கு மாறச் சொல்லிருவாங்க. அப்ப உங்க மொட்டைக்கு என்ன அர்த்தம்? சாமிகிட்ட சொன்னது பொய்யாயிடாது? இருங்க, இருங்க!

— எங்க போறேன்? இங்கதானே உக்காந்திருக்கேன்.

— 'பாஸானா மொட்டை.' ஃபெயிலானா என்ன செய்வீங்கன்னு நீங்க சொல்லவே இல்ல. அப்ப ஃபெயிலாகி மொட்டை போட்டாலும் வாக்கு பொய்யாகாது! பாஸாகியும் முடிய வச்சிக்கிட்டு சுத்தினாத்தான் பொய்! முதல் வருஷம் முதல் கிளாஸ்லயே இதத்தான் சொல்லிக் குடுத்தாங்க!

— மொட்டையப் பத்திப் படிக்கவா அம்புட்டு தூரம் அனுப்புனேன்? நம்ம சிம்பாங் அம்பாட்ல முடிவெட்டுற கடையிலயே சேத்திருப்பேனே.

— சிரிங்க, சிரிங்க. அந்த போர்டு கதை சொன்னேன்ல?

— போன்ல சொன்ன.

— திரும்பச் சொல்றேன். ஏறிக்கிட்டே போற நம்பருங்க, வரிசையா. ஆனா மேல ஒரு கூரை இருக்கு, அதத் தாண்டாது. கடைசியில அந்த வரிசை என்ன ஆகும்னு எங்க லெக்சரர் டாக்டர் சல்மா கேட்டாங்க. பின்னால உக்காந்திருந்த என் ஃப்ரெண்டு ஃபாத்திஹா என் முதுகுல ஒரு தள்ளு தள்ளினா பாருங்க, போர்டு முன்னால நிக்கறேன்! அப்புறம் தோணுச்சு, கூரைங்கள்லயே ஆகத் தாழ்வான கூரைய எடுப்போம்னு. அவ்வளவுதான்பா! அதுகிட்ட நெருங்கி நெருங்கிப் போய் அந்த வரிசை அடங்கித்தான் ஆகணும்! வேற வழியே இல்ல! டாக்டர் போன எடுத்து என் போர்டப் படம் புடிச்சாங்கப்பா!

— அது அடங்கிருச்சு. உன் வாய்தான் அடங்கல.

— எப்படி அடங்கும்? ஒரே நொடியில, என் கண்ணு முன்னாலயே, பூட்டு தொறந்த மாதிரி இருந்துச்சு! ஃபெயிலானாலும் மேத்ஸ விட மாட்டேன்பா. ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்குவேன், டாக்டர் சல்மா கதவத் தட்டுவேன், அழுது ரகள பண்ணியாச்சும் மறுபடி எழுதுவேன்.

— தட்டும்மா. உடையற வரைக்கும் தட்டு.

— ஆனாலும் பயமாத்தான் இருக்கு. அவசரப்பட்டு நேர்த்திய முன்னாடியே செலுத்திட்டீங்களே. எப்ப போட்டீங்க?

— போன வாரம். நீ போன்ல அந்த போர்டு கதைய சொன்னியே, மறுநாள் விடிஞ்சதும் கோயிலுக்குப் போயிட்டேன்.

— கதைய கேட்டதுமே பாஸாயிடுவேன்னு நம்பிட்டீங்களா?

— பாஸுக்குன்னு உங்கம்மாவா நெனச்சிக்கிட்டா. போன லீவு பூரா ரூமுக்குள்ள சுவத்தப் பாத்துக்கிட்டு கெடந்த, ஒரு வார்த்தை பேசல. எம்புள்ள பழையபடி வாய் ஓயாமப் பேசணும், நான் கேட்டது அது மட்டுந்தான்.