நாலு தடவை நனைஞ்ச தலை

ஸிக்மஸ்: ...இல்லக்கா, மோர்த்தா சொன்னதை அப்படியே சொல்றேன். "கோயிலை இடிச்சவன் மகன் ஞானத்தகப்பனா நிக்கிறதா? அவனே தண்ணி படாத தலை"ங்கிறா.

லூசியா: எங்க வெச்சு சொன்னா?

ஸிக்மஸ்: ரொட்டி வாங்குற வரிசையில. எனக்கு முன்னாடி ஏழு பேரு, பின்னாடி நாலு.

லூசியா: நீ என்ன சொன்னே?

ஸிக்மஸ்: "ஒரு கம்பு ரொட்டி குடுங்க"ன்னு சொன்னேன்.

லூசியா: வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே? அவ கோயில் பெஞ்சுல உக்காந்துதானேடா தினமும் உருளைக்கிழங்கு சீவுறா! அதைக் கேக்க வேண்டியதுதானே?

ஸிக்மஸ்: கேட்டா, "இடிக்கும்போது காப்பாத்தி எடுத்துட்டு வந்தேன்"ம்பா. இந்த ஊர்ல எல்லாரும் காப்பாத்தினவங்கதான். கோயில் கதவு ஒருத்தன் குளியல் கொட்டகையில இருக்கு. செங்கல்லு பூரா பன்னிக் குடிசையில இருக்கு. இடிச்சவரு மட்டும் நம்ம அப்பா.

லூசியா: கையெழுத்துப் போட்டாரே.

ஸிக்மஸ்: போட்டாருதான். கூட்டுப்பண்ணைத் தலைவரு வேற என்ன பண்ணுவாரு? சரி, அதை விடு. ஞாயித்துக்கிழமை உன் பேரனுக்கு ஞானஸ்நானம். உன் மக எக்லே என்னைத்தான் நிக்கச் சொல்றா. எனக்கு ஞானஸ்நானம் ஆனதுக்குச் சாமியார் சீட்டு கேக்கறாரு.

லூசியா: அப்ப இப்பவே போய் ஞானஸ்நானம் வாங்கிக்கயேன். அஞ்சு நிமிஷ வேலை.

ஸிக்மஸ்: அது... இந்த வருஷத் தேதி போட்ட சீட்டைக் காட்டினா ஊரே சிரிக்கும்க்கா. முப்பத்தேழு வயசு. அதோட, எனக்கு அந்தப் பழைய கோயில்ல வாங்கின சீட்டுதான் வேணும். அவங்க இடிச்சாரு இடிச்சாருங்கிறாங்களே, அதே கோயில்ல.

லூசியா: அந்தக் கோயில் ஞானஸ்நானப் புத்தகமெல்லாம் எரிஞ்சு போச்சு.

ஸிக்மஸ்: எரிஞ்சு போச்சா?

லூசியா: எரிஞ்சு போச்சு.

ஸிக்மஸ்: கோயில்ல மணியடிச்ச கோயில்பிள்ளை ஸ்தாசிஸ் பொண்டாட்டி வேற மாதிரி சொல்லுதே.

லூசியா: அதுக்கு தொண்ணூறு வயசு. என்னையே அது பசுமாட்டுப் பேரு சொல்லித்தான் கூப்பிடுது.

ஸிக்மஸ்: புத்தகத்தைப் பால் கேன்ல போட்டு ஆப்பிள் மரத்தடியில பொதைச்சு வெச்சிருந்தாங்களாம். நாடு விடுதலையானதும் தோண்டி எடுத்து, "பாடற்குழுத் தலைவி லூசியாகிட்டத்தான் குடுத்தேன்"னு சொல்லுது.

லூசியா: கிழவி உளறுது.

ஸிக்மஸ்: அந்தப் பசுமாடு யாரு, நீதானே?

லூசியா: பாலாடைக்கட்டியைப் பிழியணும். பையோட அந்த முனையைப் புடி.

ஸிக்மஸ்: அக்கா.

லூசியா: புடிடா!

ஸிக்மஸ்: புடிச்சிட்டேன். புத்தகம் எங்க?

லூசியா: ...மாவு டப்பாவுக்கு அடியில.

ஸிக்மஸ்: பத்து வருஷமாவா?

லூசியா: கையைத் தொடச்சிட்டு வா. இல்ல, நீ தொடாதே. நானே எடுத்துட்டு வந்து படிக்கிறேன். நீ அந்தப் பக்கம் உக்காரு. இன்னும் தள்ளி.

ஸிக்மஸ்: நான் என்ன அதைத் தின்னுடவா போறேன்?

லூசியா: உக்காருன்னா உக்காரு. இரு... அறுபத்துமூணு... இந்தா. பிப்ரவரி. அப்போ இருந்த சாமியார் கையால எழுதினது. "ஆண் குழந்தை, பெயர் யூஸாபஸ். தாய் பெயரைச் சொல்லவில்லை, முக்காட்டை எடுக்கவில்லை. குழந்தையின் இடது காதில் மச்சம்."

ஸிக்மஸ்: இடது காது... என் காதுலதான்...

லூசியா: அது அம்மா. வெளிய தெரிஞ்சா அப்பா வேலை போயிடுமேன்னு முக்காடு போட்டுட்டு, பேரையும் மாத்திச் சொல்லியிருக்கா.

ஸிக்மஸ்: அப்ப நான் தண்ணி பட்ட தலைதான்! மோர்த்தா, வரேன்டி இரு...

லூசியா: உக்காரு, இன்னும் முடியல. மார்ச். "ஆண் குழந்தை, பெயர் அந்தானஸ். அத்தை எனச் சொல்லும் பெண்மணி கொண்டு வந்தார். இடது காதில் மச்சம். இந்தக் குழந்தையை எங்கோ பார்த்தது போலிருக்கிறது."

ஸிக்மஸ்: தெக்லே அத்தையா? அம்மாகிட்டச் சொல்லாமயா?

லூசியா: அம்மா அத்தைகிட்டச் சொல்லல, அத்தை அம்மாகிட்டச் சொல்லல. வீட்டுல யாருக்கு யாரு மேல நம்பிக்கை அப்போ? ஏப்ரல் முதல் வாரம். "ஆண் குழந்தை, பெயர் இக்னாஸ். பால் கறக்கும் பார்போரா, பால் வண்டியில் மறைத்துக் கொண்டு வந்தார். அதே காது. அதே மச்சம். குழந்தை என்னைப் பார்த்ததும் தானே தலையைக் குனிகிறது."

ஸிக்மஸ்: பார்போராவுக்கு என்ன வந்துச்சு?

லூசியா: பாவம்னு நெனச்சிருப்பா. தலைவர் வீட்டுப் புள்ள, அவங்க எங்க இதையெல்லாம் செய்யப் போறாங்கன்னு.

ஸிக்மஸ்: அதான்! எனக்கு வருஷத்துக்கு மூணு தடவை சளி புடிக்குதே, ஏன்னு இப்பத்தான் புரியுது. யூஸாபஸ், அந்தானஸ், இக்னாஸ்... மேல போனா என்னை எந்தப் பேர்ல உள்ள விடுவாங்க?

லூசியா: சிரிக்காதே. கடைசிப் பக்கம் இருக்கு.

ஸிக்மஸ்: இன்னுமா? இனி யாரு மிச்சம்? தபால்காரரா?

லூசியா: ஏப்ரல் பதினாறு.

ஸிக்மஸ்: பதினேழாந்தேதிதானே இடிச்சாங்க?

லூசியா: ம். அதுக்கு மொதநாளு. "ஆண் குழந்தை. பெயர் ஸிக்மஸ்."

ஸிக்மஸ்: என் சொந்தப் பேருலயா? யாரு தூக்கிட்டுப் போனா?

லூசியா: "தகப்பனார் தாமே தூக்கி வந்தார். தம் முழுப் பெயரையும் சொன்னார். எழுத வேண்டாமா என்று கேட்டேன். எழுதுங்கள் என்றார்."

ஸிக்மஸ்: மேல படி.

லூசியா: "தொப்பியைக் கழற்ற மறந்துவிட்டார். இக்குழந்தைக்கு இது நாலாவது முறை. மறுத்தால் மற்ற மூவரும் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே ஊற்றினேன், ஆண்டவர் என்னை மன்னிப்பாராக. குழந்தை அழவில்லை. தகப்பனார் அழுதார்."

ஸிக்மஸ்: இன்னொரு தடவை படி.

லூசியா: எதை?

ஸிக்மஸ்: கடைசி வரியை.

லூசியா: "தகப்பனார் அழுதார்." இந்தா, அவர் கையெழுத்து. இடிக்கச் சொன்ன தாள்ல போட்ட அதே கையெழுத்து.

ஸிக்மஸ்: சாகிற வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லலியே அந்த மனுஷன்... நான் எத்தனை தடவை அவர் மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கேன், "உன்னாலதான் எல்லாரும் என்னைத் திட்டறாங்க"ன்னு. பேசாம பைப்பைப் பத்த வெச்சுக்கிட்டு எழுந்து போவாரு.

லூசியா: மூக்கைத் துடை. அது பாலாடைக்கட்டித் துணிடா! என் ஏப்ரன்ல துடை.

ஸிக்மஸ்: அக்கா, இதைப் பத்து வருஷமா மாவு டப்பாவுக்கு அடியில வெச்சிருந்தியா? அப்பா செத்தப்போ ஊர்ல பாதிப் பேரு அடக்கத்துக்கே வரல. அன்னிக்கு இதைக் காட்டியிருந்தா?

லூசியா: ...தெரியும்.

ஸிக்மஸ்: தெரிஞ்சுமா? ஏன்க்கா?

லூசியா: பாலாடைக்கட்டி...

ஸிக்மஸ்: பாலாடைக்கட்டி சாகட்டும்! அந்தப் புத்தகத்தைக் குடு இங்க.

லூசியா: தொடாதேன்னு சொன்னேன்ல!

ஸிக்மஸ்: ஏன் இப்படி நெஞ்சோட அணைச்சுக்கிறே? ஐம்பத்துநாலாம் வருஷத்தைத் திருப்பு. உன் பக்கத்தையும் பாத்துடலாம். உன்னை எத்தனை பேரு தூக்கிட்டு ஓடினாங்கன்னு.

லூசியா: என்னோடது இதுல இல்ல. நான் பொறந்தப்போ அப்பா டவுன்ல படிச்சிட்டிருந்தாரு.

ஸிக்மஸ்: டவுன்ல எந்தக் கோயில்?

லூசியா: அங்க... பெரிய கோயில்.

ஸிக்மஸ்: அதை அப்போ கிடங்கா வெச்சிருந்தாங்க. உனக்கு அத்தைதான் செஞ்சு வெச்சான்னு அம்மா சொல்லுவாளே? அத்தை இங்கதானே இருந்தா? அப்ப இந்தப் புத்தகத்துலதானே இருக்கணும்?

லூசியா: அத்தை, அம்மா செஞ்சிருப்பான்னு நெனச்சா. அம்மா, அத்தை செஞ்சிருப்பான்னு நெனச்சா. பார்போரா அப்போ நம்ம வீட்டுக்கே வரல. அப்பாவுக்கு இன்னும் பயம் வரல. ஆறு வாரம், ராத்திரியும் பகலுமா பக்கம் பக்கமாத் தேடிட்டேன்டா. வேற பேருல, வேற தேதியில, மச்சத்தோட, மச்சமில்லாம... எதுவும் இல்ல. உனக்கு நாலு. எனக்குச் சொட்டுத் தண்ணி இல்ல.

ஸிக்மஸ்: ஆனா நீ... ஞாயித்துக்கிழமை தவறாமப் பூசையில நன்மை அப்பம் வாங்குறியே. ஞானஸ்நானம் ஆனவங்களுக்குத்தானே அதைக் குடுப்பாங்க?

லூசியா: முப்பத்தஞ்சு வருஷமா. ஊர்ல எந்தச் சாவுன்னாலும் முதல் பாட்டு நான்தான் எடுக்கறேன். பூசையில யாராவது பின்னாடி திரும்பிப் பாத்தா முட்டிக்கால்ல இடிக்கிறேன். மோர்த்தா பாட்டை இழுக்கறது பத்தலன்னு போன ஈஸ்டருக்கு அவளை ரெண்டாம் வரிசைக்குத் தள்ளினேன். தண்ணி படாத தலை அவ சொன்ன மாதிரி நீ இல்லடா... நான்.

ஸிக்மஸ்: அட கடவுளே.

லூசியா: இந்தப் புத்தகம் வெளிய வந்தா ஊரே அவங்கவங்க பேரைத் தேடும். மோர்த்தா மொதல்ல என் பேரைத் தேடுவா. அதுக்குப் பயந்துதான் அப்பாவை அப்படியே விட்டுட்டேன். அவரு புதைகுழிக்கிட்ட நின்னு பாடினேனே, அப்பவும் வாயைத் தொறக்கல. பாவிடா நான். எடுத்துக்க. ஞாயித்துக்கிழமை கொண்டு போயி எல்லார் முன்னாடியும் அந்தப் பக்கத்தை விரிச்சுக் காட்டு. இனிமே அப்பாவை ஒருத்தரும் பேசக்கூடாது. என்னைப் பேசட்டும்.

ஸிக்மஸ்: காட்டத்தான் போறேன். ஆனா நாளைக்குக் காலையில பஸ்ஸுக்குக் கெளம்பு. மூணு ஊரு தள்ளி ஒரு கிழச் சாமியார் இருக்காரு, காது கேக்காது, அதனால கேள்வியும் கேக்க மாட்டாரு. ஞானத்தகப்பனா நான் நிக்கறேன். தலைக்கு ரெண்டு துண்டு எடுத்துக்க, தண்ணி ஐஸா இருக்கும். போன செவ்வாய்க்கிழமை அவர் என் தலையில ஊத்தினப்போ பல்லு கிடுகிடுன்னு ஆடிப்போச்சு.