ஒரு பொட்டுக் காற்று

எங்கள் ஊரில் பழைய கார் வாங்குகிறவர்கள் இன்ஜினைப் பற்றி அப்புறம்தான் கேட்பார்கள். வெளிக்காற்றை அடைக்கும் மூடி ஒழுங்காக மூடுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. தோல் பதனிடும் ஷெட்டுகளின் நாற்றத்தைத் தாண்டும்போது அந்த மூடியைச் சாத்துவது, கோயிலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வதைப் போல, கை தானாகச் செய்கிற காரியம்.

பரந்தாமனின் காரில் அந்த மூடி துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டது. அவர் தோல் ஷெட் மேனேஜர். வண்டியை என் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார்.

"இன்னா சுப்பராயா, என் ஷெட்டு நாத்தம் என் வண்டிக்குள்ளயே வருது. வீட்ல ஒரே பேஜாரு. ஒரு பொட்டுக் காத்து உள்ள வரக் கூடாது, ஆமா" என்றார்.

"வராது சார்" என்றேன்.

நான் யாருடைய அண்ணன் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியம் அவருக்கு வந்ததே இல்லை. போன வருஷம் அந்த ஷெட்டின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவன் என் தம்பி ஜீவா. மூச்சு முட்டுகிறது என்று அவன் கத்தியபோது மேலே நின்றவர் பரந்தாமன். "வெறும் நாத்தம்தான்டா, முடிச்சிட்டு ஏறு" என்றாராம். கூட நின்றவர்கள் அன்று அப்படித்தான் சொன்னார்கள். மறுநாள் அவர்களே, எதுவும் கேட்கவில்லை என்றார்கள். கால் தவறி விழுந்து செத்தான் என்று உங்கள் போலீஸ் ஆட்கள் எழுதி முடித்தார்கள்.

இரண்டு நாள் வேலை செய்தேன். காற்றடிக்கும் மோட்டாரைக் கழற்றினேன். உள்ளே சருகும் அணில் கூடும் இருந்தன. துடைத்து, புது ரப்பர் ஒட்டி, மூடியை இறுக்கினேன். நல்ல வேலை சார். யாரை வேண்டுமானாலும் கூட்டிவந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அடியில் படுத்திருந்தபோது புகைக்குழாய் வெடித்திருப்பதையும், அதற்கு நேர் மேலே தரைத் தகடு அரித்துப்போயிருப்பதையும் பார்த்தேன். அந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறும் விஷப்புகையிலிருந்து அதுவரை வெளிக்காற்றுதான் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. குழாயை நான் ஒட்டவில்லை. சொல்லவும் இல்லை. அவர் கேட்டது மூடியைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி யோகலட்சுமி போன் செய்தார். ஏலகிரி ஏறும் வழியில் மழை, மரம் விழுந்திருக்கிறது, ஏசி போட்டுக்கொண்டு ஓரமாக நிற்கிறோம் என்றார். வார்த்தைகள் குழறின.

"அண்ணே, தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. இவர் ஸ்டியரிங்ல சாஞ்சி தூங்கிட்டாரு. பாப்பாவ எழுப்புறேன், எழுந்திரிக்க மாட்டேங்குது. கண்ணாடிய இறக்கட்டுமா, நீங்க பாத்த வேலைக்கு ஒண்ணும் ஆவாதே?"

எனக்குப் புரிந்துவிட்டது. டீ கையில் இருந்தது. கீழே வைத்துவிட்டுப் பேசினேன்.

"வாணாம்மா. சாரல் அடிச்சா மோட்டார் வீணாப் போய்டும். நீங்களும் கொஞ்ச நேரம் கண்ண மூடி சாஞ்சிக்குங்க."

"சரிண்ணே" என்றார். அந்த அழைப்பைத்தான் நீங்கள் என் போனில் பார்த்திருக்கிறீர்கள்.

பரந்தாமனைக் கொன்றது நான். தலை நிமிர்ந்து சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கேட்க வேண்டிய யாரும் கேட்காததால் நான் கேட்டேன். திரும்ப அந்த வண்டி வந்தாலும் அதையேதான் செய்வேன்.

மற்ற இரண்டு பேரை என் கணக்கில் சேர்க்காதீர்கள் சார். கண்ணாடியை இறக்கும் பிடி அந்த அம்மாவின் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. யாரும் அவர் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. நான் தூரத்தில் நின்று ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான்.