டாலிகஞ்ச் குளத்துக் கோரை

கோரையை அடையாளம் காண்பது பெரிய வித்தை இல்லை, இன்ஸ்பெக்டர். எலியோகாரிஸ் என்று நாங்கள் சொல்லும் வகையில் இலையே கிடையாது. பச்சைத் தண்டு, நுனியில் ஒற்றைக் கதிர். விரலிடுக்கில் உருட்டினால் தண்டு உருண்டையா முக்கோணமா என்று தெரிந்துவிடும். மிச்சத்தை விதையின் நிறமும் அதன் தலையிலுள்ள சின்னத் தொப்பியும் சொல்லும்.

தொண்ணூற்றாறில், டாலிகஞ்சில் என் வீட்டுப் பின்பக்கக் குளத்தில் புது இனம் கண்டதாகக் கட்டுரை எழுதினேன். உண்மையில் ஒரு வகையின் விதைமேல் இன்னொரு வகையின் தொப்பியை ஒட்டியிருந்தேன். அத்தனை வருஷம் உழைத்தவனுக்கு அந்தச் சலுகைகூடக் கிடையாதா?

எங்கள் தாவர ஆய்வு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த வீரராகவன் அந்த விதையை மைக்ரோஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். அன்றுமுதல் நான் உள்ளே நுழைந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். என் மேஜை இழுப்பறையை யாரோ கலைத்த மாதிரியும் இருந்தது.

கடைசியில் அவரே கேட்டார். "ஒட்டின மாதிரி இருக்கே சார். செடியை உயிரோட பாத்துட்டா சந்தேகம் தீர்ந்துடும்."

"ஞாயித்துக்கிழமை வாங்க, காட்டறேன்."

வந்தார். தண்டைப் பிடித்துப் பார்க்கக் குனிந்தார். நான் பின்கழுத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினேன். ஆழம் முழங்காலளவுதான். பிறகு உடலைக் காரில் கொண்டுபோய் ஹவுராப் பக்கம் கங்கையில் விட்டேன்.

அவருடைய மூச்சுக்குழாயில் சில விதைகள் இருந்தனவாம். எந்தத் தண்ணீரில் மூழ்கினார் என்று தெரிந்துகொள்ள, உங்கள் ஆட்கள் அவற்றை என்னிடமே கொண்டுவந்தார்கள். மஞ்சள் விதை; என் குளத்து முக்கோணத் தண்டுக்காரன். கறுப்பு விதைதான் ஊறி வெளுத்திருக்கிறது, இது உருண்டைத் தண்டு வகை என்றேன். ஹவுராவில் அவர் குடியிருந்த வீட்டின் பின்னால் உள்ள பள்ளத்தில் அந்த வகை மண்டிக் கிடந்தது. வீட்டுக்காரர் ஏழுமலைக்கும் அவருக்கும் தண்ணீர்க் குழாய்ச் சண்டை வேறு. நீதிமன்றத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏழுமலைமேல் எனக்கு விரோதம் ஏதுமில்லை. போன மாதம் ஜெயிலில் இறந்துவிட்டார். இனி இதைச் சொல்வதால் அவருக்குத் தொந்தரவில்லை.

ஏழுமலையின் மனைவி சுந்தரவல்லிக்கு ஒவ்வொரு துர்கா பூஜைக்கும் புடவை எடுத்துக் கொடுக்கிறேன். "நீங்கதான் சார் எங்களுக்குத் தெய்வம்" என்பாள். அவள் மிகைப்படுத்துவதாக எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.