குண்டனி நாட்டு பிளாப்பி

காளியண்ணன்: ...நான் இதை மெஷின்னே சொல்ல மாட்டேன் தம்பி. கூலிக்கு வந்துட்டு வேலி ஓரமாப் படுத்துத் தூங்கிட்டு, சாயங்காலம் "முடிஞ்சுதுங்க"ன்னு கையை நீட்டறான் பாரு, அந்த ஆளு இது.

தரணிதரன்: ஏனுங்க, வந்ததும் வராததுமா... ஒரு டீ குடிச்சுட்டுத் திட்டுங்களேன்.

காளியண்ணன்: டீயெல்லாம் வேண்டாம். ரெண்டாயிரத்து ரெண்டு ஆனி மாசத்தை இந்த மலையில எங்க நாட்டு ஊருக ஒண்ணுகூட மறக்காது. வாழவந்தி நாட்டுக்கு மிளகு நாத்து போச்சு. பைல் நாட்டுக்குப் போச்சு. குண்டனி நாட்டுப் பக்கம் ஜீப் திரும்பிக்கூடப் பாக்கலை. கேட்டா, கம்ப்யூட்டர்ல எங்க பேரே இல்லையாமா.

அருள்மொழி: மாமா, அது போன வருசமுங்க...

காளியண்ணன்: போன வருசம் நடாத கொடி இந்த வருசம் காய்க்குமா, அருளு? நாட்டுக்குப் பெரிய மனுசன்னு பேரு, நாலு நாத்து வாங்கித் தர வக்கில்லைன்னு என்ற முன்னாலயே பேசறாங்க. மத்தியானம் மிளகு சங்கத்துக் கூட்டம் இருக்குதல்ல? இந்த மெஷினை மூட்டை கட்டி நாமக்கல் பஸ்ல ஏத்துங்கன்னு எந்திரிச்சுச் சொல்லப்போறேன்.

தரணிதரன்: அதை ஏத்துனா அருள்மொழியையும் சேத்து ஏத்தோணுமுங்க. இந்தச் சங்கத்து ஆபீஸ்ல அவங்க வேலையே அந்த மெஷினை ஓட்டறதுதான்.

காளியண்ணன்: அது எனக்குத் தெரியாதா... சொந்தக்காரப் புள்ள. அதுக்காக, எங்க நாட்டை மறந்த மெஷினுக்கு நான் மாலை போடோணுமா?

அருள்மொழி: மாலை வேண்டாங்க. செத்த நேரம் உக்காருங்க. தரணி அண்ணன் மலைப்பாதையில எழுபது வளைவு ஏறி வந்ததே, மெஷினைச் சரி பண்ணுனதை உங்களுக்குக் காட்டத்தான்.

காளியண்ணன்: எழுபது வளைவை லாரிக்காரன் தெனமும் ஏறறான்.

தரணிதரன்: அவன் வாந்தி எடுக்காம ஏறறானுங்க. ...சரி, நடந்ததைச் சொல்லிப்போடறேன். புரோகிராம் எழுதுனது நான், தப்பும் என்ற மேலதான். ஒவ்வொரு நாட்டுல இருந்தும் நாத்து கேட்டவங்க பேரெல்லாம் பிளாப்பியில வருதுங்களா? புரோகிராம் அந்த ஃபைலைத் திறக்கோணும், படிக்கோணும், எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து எழுதோணும், மூடோணும்.

காளியண்ணன்: எங்க வாத்தியாரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்ல அடிச்சு எங்கிட்டக் குடுத்தாரு. நானே பஸ்ல குடுத்து அனுப்புனேன்.

தரணிதரன்: வந்துச்சுங்க. படிக்கத்தான் முடியலை. ஃபைல் திறக்கலைன்னா கம்ப்யூட்டர் ஒரு பதில் குடுக்கும். கத்தாது, காதோரம் முணுமுணுக்கும். நான் எழுதுனது பெர்ல்ங்கற மொழி. சுருக்கா எழுதலாம், எழுதுன உடனே ஓட்டலாம், எதுத்துப் பேசாது. அதுதான் வம்பு. அந்த முணுமுணுப்பை என்ற புரோகிராம் நின்னு கேக்கலை. திறக்காத ஃபைலைத் திறந்த மாதிரியே நெனைச்சுட்டு, வெறும் காத்தைப் படிச்சுட்டு, கடைசியில "முடிந்தது"ன்னு போட்டுருச்சு.

காளியண்ணன்: பொய் சொல்லியிருக்குது.

தரணிதரன்: பொய்யில்லைங்க. வேலை முடிஞ்சுதான் போச்சு. என்ன வேலை நடந்துச்சுன்னு நாம கேக்கலை.

காளியண்ணன்: எங்க ஊர்ல இதுக்குப் பேரு பொய்.

அருள்மொழி: நானும் அதையேதான் சொன்னனுங்க.

காளியண்ணன்: சரி, அந்த இடத்துல "திறந்துச்சா"ன்னு ஒரு கேள்வி கேக்க வேண்டியதுதான? அதுக்கு ஒரு வருசமா?

தரணிதரன்: திறக்கற இடமும் மூடற இடமும் அதுல எத்தனையோ இருக்குதுங்க. ஒவ்வொண்ணுலயும் கேள்வி எழுதுனா எங்கயாச்சும் ஒண்ணை மறப்பேன். மறந்த இடத்துலதான் மறுபடியும் குண்டனி நாடு வந்து நிக்கும். அதனால... எங்கப்பனுக்குச் சேந்தமங்கலத்துல மிளகு மண்டி. சாக்குப் பிரிக்க ஒரு ஆளு, எடை போட ஒரு ஆளு, ஏத்த ஒரு ஆளு. எல்லாத்துக்குப் பின்னாலயும் அவரு ஓட மாட்டாரு. வாசல்ல ஒருத்தனை உக்கார வெப்பாரு. யாரு என்ன பண்ணுனாலும் அவனைத் தாண்டித்தான் போகோணும்.

காளியண்ணன்: வெங்கிடுசாமி மண்டிதான? அந்த வாசக்காரன் நம்ம மூட்டைக்குள்ள கையை உட்டான்னா முழங்கை வரைக்கும் உடுவானே.

தரணிதரன்: அவனேதானுங்க. அவனைக் கம்ப்யூட்டருக்குள்ள உக்கார வெச்சுட்டேன். "திற"ங்கற கட்டளை மேல ஒரு உறை மாட்டுனேன். பேரு அதே பேரு. பழைய வரியெல்லாம் வழக்கம்போல "திற"ன்னு கூப்பிடும், வந்து நிக்கறது என்ற ஆளு. ஃபைலைத் திறப்பான், பதிலைக் கேப்பான். திறக்கலையா... எந்த ஃபைலு, என்ன காரணம்னு சொல்லிப்போட்டு அங்கயே சம்மணம் போட்டு உக்காந்துக்குவான். படிக்கறதுக்கும் எழுதறதுக்கும் மூடறதுக்கும் அப்படியேதான். பழசுல ஒரு வரியைக்கூடத் தொடலை. உச்சியில ஒரே ஒரு வரி சேத்தேன்.

காளியண்ணன்: மூடறதுக்கு எதுக்குக் கேள்வி? மூடுனா மூடிக்கும்.

தரணிதரன்: அல்லீங்க. எழுதுனது முழுசா எறங்குச்சான்னு சில சமயம் மூடறப்பத்தான் தெரியும். ஏத்தறப்ப எல்லா மூட்டையும் இருக்கும், எறக்கறப்பத்தான ஒண்ணு குறையும்?

காளியண்ணன்: வெங்கிடுசாமி மகன் வாயால இதைக் கேக்கோணும்னு இருந்திருக்குது.

அருள்மொழி: மாமா, நம்ம கோயில்ல கிடா வெட்டறப்ப மஞ்சத்தண்ணி ஊத்திட்டு என்ன பண்ணுவோம்?

காளியண்ணன்: துளுக்கக் கேட்டு நிப்போம்.

அருள்மொழி: கிடா ஒடம்பைச் சிலுப்புனாத்தான சாமி ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம்? துளுக்கலைன்னா?

காளியண்ணன்: அருவாளைத் தொட மாட்டோம். பொழுது சாஞ்சாலும் நிக்கோணும்.

அருள்மொழி: அதேதானுங்க இது. ஒவ்வொரு காரியத்துக்கும் தண்ணி ஊத்திட்டு நிக்கும். துளுக்காம அடுத்ததுக்குப் போகாது.

காளியண்ணன்: ...இப்ப எதுக்குக் கண்ணு கிடாப் பேச்சு?

அருள்மொழி: சும்மாதானுங்க. தோணுச்சு.

தரணிதரன்: எனக்கு இது தோணலையே... அந்த உறைக்கு இந்தப் பேரையே வெச்சிருக்கலாம்.

காளியண்ணன்: வெளக்கம் போதும். நடத்திக் காட்டு.

தரணிதரன்: இது உங்க நாட்டுல இருந்து இந்த வருசம் வந்த பிளாப்பி. போட்டு ஓட்டப்போறேன்...

காளியண்ணன்: இரு. அதை நான் இப்படிப் புடுங்கிட்டேன்னா?

தரணிதரன்: ஏனுங்க, பதமா... சரி, ஓட்டிட்டேன். படிங்க அருள்மொழி. இங்கிலீசு எழுத்துலதான் வரும், ஆனா தமிழு.

அருள்மொழி: "குண்டனி நாட்டு ஃபைலைத் திறக்க முடியவில்லை. பிளாப்பி உள்ளே இல்லை. மேலே போக மாட்டேன்."

காளியண்ணன்: மறுபடி சொல்லு.

அருள்மொழி: மேலே போக மாட்டேன்.

காளியண்ணன்: அது இல்ல. எங்க நாட்டுப் பேரைச் சொல்லுதா?

அருள்மொழி: அதைத்தான் மொதல்ல சொல்லுதுங்க.

காளியண்ணன்: ...ம். ஒத்தைப் பல்லைப் பாத்துட்டு மாடு வாங்கற ஆளு நானில்ல. இன்னொண்ணு காட்டு.

தரணிதரன்: உங்க நாட்டுதைக் குடுங்க, மறுபடி போட்டுக்கறேன். மொத்தப் பட்டியலை எழுதற பிளாப்பி இது, மூலையில ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்குது பாருங்க. நகத்தி உட்டா எழுத விடாது. நீங்களே நகத்துங்க.

காளியண்ணன்: இதா... நகத்திட்டேன். ஓட்டு.

அருள்மொழி: "மொத்தப் பட்டியலை எழுத முடியவில்லை. பிளாப்பி பூட்டியிருக்கிறது. மேலே போக மாட்டேன்."

காளியண்ணன்: பரவாயில்லையே. மொரடனாத்தான் இருக்கறான்.

தரணிதரன்: மொரடனைத்தானுங்க வாசல்ல வெக்கோணும். ...இதோட இன்னொண்ணும் பாத்துரலாம். போன வருசம் படிக்காமப் போச்சே, அந்தப் பழைய பிளாப்பி. ஏன் படிக்கலைன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இப்பப் போட்டா ஏதாச்சும் தடயம் கிடைக்கும். எடுங்க அருள்மொழி.

அருள்மொழி: அது... தொலைஞ்சு போச்சுங்கண்ணா.

காளியண்ணன்: ஆமாமா. தொலைஞ்சு போச்சு.

தரணிதரன்: உங்களுக்கு எப்படிங்க தெரியும்?

காளியண்ணன்: இப்பத்தான அவ சொன்னா.

தரணிதரன்: அலமாரியில ஒரு தடவை பாத்தா...

அருள்மொழி: எலி கடிச்சிருச்சுங்க.

தரணிதரன்: தொலைஞ்சுதா, கடிச்சுதா?

அருள்மொழி: கடிச்சுட்டு... தூக்கிட்டுப் போயிருச்சுங்க.

காளியண்ணன்: இந்தச் செம்மேட்டு எலி அப்படித்தான் தம்பி. பொல்லாதது. போனதைக் கிண்டி என்ன ஆகப்போகுது? இந்த வருசத்துதை ஒழுங்காப் போட்டு ஓட்டு.

தரணிதரன்: என்னமோ போங்க... போட்டாச்சு. தாழ்ப்பாளையும் எடுத்துட்டேன். குண்டனி நாடு... திறந்துச்சு. படிச்சுச்சு. எழுதுச்சு. மூடுச்சு. "முடிந்தது."

காளியண்ணன்: நெசமாவே முடிஞ்சுதா?

தரணிதரன்: துளுக்கிருச்சுங்க.

காளியண்ணன்: அப்பச் சரி. மெஷின் இருக்கட்டும்னு கூட்டத்துல நானே சொல்றேன். ஆனா ஜீப் மொதல்ல எங்க நாட்டுக்குத்தான் வரோணும்.

தரணிதரன்: வழியில வாழவந்தி நாடு இருக்குதுங்களே...

காளியண்ணன்: போன வருசம் வராமலே போன ஜீப்பு. இந்த வருசம் மொதல்ல வந்தா அச்சு முறிஞ்சிருமா?

தரணிதரன்: மண்டியில பொறந்த என்னையவே மடக்கறீங்க. சரி, தலைவர்கிட்டச் சொல்லிப் பாக்கறேன். பட்டியலைக் குடுத்துட்டு, அப்படியே டீயும் சொல்லிட்டு வாரேன்.

காளியண்ணன்: சொல்லு, சொல்லு. இப்பக் குடிக்கறேன். சக்கரை தூக்கலா.

அருள்மொழி: எனக்குச் சக்கரை கம்மிங்கண்ணா.

காளியண்ணன்: ...போயிட்டானா?

அருள்மொழி: போயிட்டாருங்க.

காளியண்ணன்: எலி நெசமாவே கடிச்சுதா?

அருள்மொழி: எலியெல்லாம் எங்கீங்க மாமா. இந்த மேசை டிராயருக்குள்ளதான் இருக்குது.

காளியண்ணன்: டிராயருக்குள்ளயா?

அருள்மொழி: பேரு இல்லைன்னு தெரிஞ்ச அன்னைக்கே, பிளாப்பி மேல இருக்கற தகட்டை நகத்திப் பாத்தனுங்க. உள்ள மஞ்சள் காஞ்சு அப்பியிருந்துச்சு. கூடவே ரெண்டு வெள்ளாட்டு முடி.

காளியண்ணன்: அன்னைக்கேவா... அப்புறம் ஏன் கண்ணு இத்தனை நாளா வாயைத் தொறக்கலை? நான் உன்ற பொழப்பையே கெடுக்கப் பாத்தனே.

அருள்மொழி: மெஷினைத் திட்டுனா அது சோறு வேண்டாம்னு சுருண்டு படுத்துக்காதுங்க. உங்களைக் கேட்டிருந்தா நீங்க படுத்திருப்பீங்க. அதுவுமில்லாம, படிக்காமலே "முடிந்தது"ன்னு சொன்னது மெஷினோட தப்புத்தானுங்களே. அதுக்குத்தான் தரணி அண்ணனை விடாமப் புடிச்சு இதை எழுத வெச்சேன். ...ஒண்ணு மட்டும் கேக்கட்டுங்களா? பிளாப்பிக்கு எதுக்குங்க மஞ்சத்தண்ணி?

காளியண்ணன்: மொத மொதல்ல நம்ம நாட்டு சனம் கம்ப்யூட்டர்ல ஏறுது. சாமியைக் கேக்காம அனுப்பலாமா? ஊட்டுக் கிடாயைப் புடிச்சு, அது முதுகு மேல பிளாப்பியை வெச்சு, தண்ணி ஊத்துனேன்.

அருள்மொழி: கிடா துளுக்குச்சுங்களா?

காளியண்ணன்: எங்க... சொம்பு சொம்பா ஊத்துனேன், கல்லாட்டம் நின்னுச்சு. பஸ்காரன் வேற ஆரன் மேல ஆரன் அடிக்கறான்... "துளுக்கிருச்சு"ன்னு நானே சொல்லிக்கிட்டு ஏத்தி அனுப்பிப்போட்டேன்.