அஞ்சலிக்கு ஒரு வரி மேலே

எனக்குக் காப்பியில் சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும். பதினோரு வருடங்களில் இதை நான் ஒரு முறைகூட வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லாமலே அப்படித்தான் வந்தது. ஒரு வீட்டில் பேச்சில்லாமலே எல்லாம் நடக்கிறதென்றால் அதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

மன்றத்தின் திருமண இணையதளத்தில் நடந்ததைப் பற்றி எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள், செயலாளர் அண்ணாச்சி. செய்தது யார் என்பதில் உங்களுக்குக் குழப்பம் வேண்டாம். நான்தான். ஏன் என்பதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொண்ணூற்றெட்டு தை மாதத்தில், அமெரிக்காவிலிருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் மன்றத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். அதை இயக்க ஒருவரும் முன்வரவில்லை. தொட்டால் கெட்டுவிடும் என்று மூன்று மாதம் அதைத் துணி போட்டு மூடி வைத்து, ஆயுத பூஜை வரை காத்திருக்கலாமா என்று தீர்மானம்கூட வந்தது. ஞாயிறு மதியம் மன்றத்தில் ஒரு ஈ காக்கை இருக்காது. நிம்மதியாகப் புத்தகம் படிக்கலாம். அதற்காகத்தான் நான் ஒப்புக்கொண்டேன்.

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் பாக்கியசீலன் வந்து இணையதளத்தை அமைத்து, எனக்குச் சொல்லிக் கொடுத்தார். திரையின் இடது பக்கத்தில் எல்லாப் பக்கங்களின் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். மேலே ‘மணமகன்’, அதன்கீழ் பையன்கள். அடுத்து ‘மணமகள்’, அதன்கீழ் பெண்கள். கடைசியில், காலமான உறுப்பினர்களுக்கான ‘அஞ்சலி’.

“இந்த மவுஸ வச்சுப் பேர அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு பைய இழுங்க அண்ணாச்சி. எங்கன விடுதியளோ அங்கன போய் உக்காந்துக்கிடும்.”

“தப்பான எடத்துல விட்டுட்டா?”

“திரும்ப இழுத்துக்கிட வேண்டியதுதான். மனுசங்கதான் வச்ச எடத்துல இருக்க மாட்டாங்க. இது இருக்கும்.”

அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கு அது பிடித்துப் போயிற்று.

வரிசை என்பதற்கு எவ்வளவு பலம் என்று கமிட்டியில் யாருக்கும் தெரியாது. தொலைபேசிக் கம்பி வழியாக ஒரு பெண்ணின் பக்கம் போட்டோவோடு இறங்க மூன்று நிமிடம் ஆகும். நெற்றி தெரியும், காத்திருந்தால் கண் தெரியும், வாய் தெரிவதற்குள் சில சமயம் இணைப்பு அறுந்துவிடும். வெளிநாட்டு மாப்பிள்ளைகள் பொறுமைசாலிகள் அல்ல. பத்தாவது பெண்ணைத் தாண்டி எவரும் வந்ததில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், எத்தனை முறை அது பார்க்கப்பட்டது என்று ஓர் எண் இருக்கும். முதல் பெண்ணுக்குத் தொள்ளாயிரம். கடைசிப் பெண்ணுக்கு மூன்று. அந்த மூன்றும் நான்.

கடைசிப் பெண் என் தங்கை சங்கரி.

அவளைச் சேர்க்கச் சொன்னது நீங்கள்தான். நான் சேர்த்தேன், மறுக்கவில்லை. வயது முப்பத்திரண்டு, பள்ளி ஆசிரியை, எல்லாம் சரியாகவே எழுதினேன். போட்டோ மட்டும் அவள் இருபத்திரண்டு வயதில், அப்பா இறப்பதற்கு முன் எடுத்தது. வேறு படம் வீட்டில் இல்லை. எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்திருக்கலாம்.

புதிதாகச் சேரும் பெண் தானாகவே கடைசியில் போய் நிற்பாள். ஆகவே ஒவ்வொருத்தி சேரும்போதும் சங்கரியைப் பிடித்து ஒரு வரி கீழே இறக்க வேண்டியிருந்தது. ஐந்து மாதத்தில் நாற்பத்தேழு முறை. நாற்பத்தேழு குடும்பங்களுக்கு என்னால் ஒரு படி ஏற்றம். ஒரு குடும்பமும் நன்றி சொன்னதில்லை.

ஆனால் என்னை எல்லோரும் புகழ்ந்தார்கள். ஆண்டுக் கூட்டத்தில் நீங்களே என் தோளில் கை போட்டுச் சொன்னீர்கள். “காந்திமதிநாதனப் பாருங்க வே. நாப்பத்தொண்ணு ஆச்சு. தங்கச்சிக்கு முடியாம எனக்கு எதுக்குன்னு உக்காந்திருக்கான். இப்படி ஒரு அண்ணன் எவளுக்குக் கெடைப்பான்?” கைதட்டினார்கள். தங்கைக்கு முடியும்வரை அண்ணன் காத்திருப்பது நம்மிடம் வழக்கம்தானே. தங்கைக்கு முடியாமலே இருந்தால் அண்ணன் நிம்மதியாக இருக்கலாம் என்பதை அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். எனக்கு மனைவி வேண்டியிருக்கவில்லை. மனைவிகள் பேசுவார்கள். சங்கரி பேச மாட்டாள். நான் படிக்கும்போது பாத்திரத்தைக்கூடத் துணி விரித்துத்தான் வைப்பாள்.

புரட்டாசியில் மன்றத்து முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கணேஷ்ராம் என்பவர், சொந்த வீடு தச்சநல்லூர், வயது முப்பத்தாறு. “முதலில் இருப்பவர்களுக்கு நிறையப் பேர் எழுதியிருப்பார்கள். அதனால் நான் கடைசியிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். முதல் பெண்ணோடு நிறுத்திவிட்டேன்” என்று எழுதியிருந்தார். கடைசியிலிருந்து பார்க்கும் மனிதர் ஒருவர் இருப்பார் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

ஜாதகம் பொருந்தவில்லை என்று பதில் எழுதினேன். தனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை என்றார். பெண்ணுக்கு விருப்பமில்லை என்றேன். அதைப் பெண்ணிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்றார். மூன்றாவது மின்னஞ்சலில், அம்மா இப்போது தன்னோடு சிங்கப்பூரில் இருப்பதாகவும், சித்திரையில் ஊருக்கு வந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வருவார் என்றும் எழுதினார். மரியாதையான மனிதர். அதுதான் தொந்தரவு.

அந்த ஞாயிறு, வழக்கம்போல ஒரு புதுப் பெண்ணைச் சேர்த்தேன். வழக்கம்போலச் சங்கரியைப் பிடித்துக் கீழே இழுத்தேன். கை ஒரு வரி கூடுதலாக இறங்கிவிட்டது. ‘மணமகள்’ வரிசையின் கடைசிக்கு அடுத்த வரி ‘அஞ்சலி’. அங்கே விழும் பக்கத்துக்கு, யாரும் ஒன்றும் செய்யாமலே, மேலே ‘நீங்காத நினைவில்’ என்ற எழுத்தும் பக்கத்தில் எரியும் குத்துவிளக்கும் வந்துவிடும். பாக்கியசீலன் அப்படி அமைத்திருந்தார். துக்க வீட்டாருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதாம்.

கை தவறியது என்றே கமிட்டி எழுதிக்கொள்ளலாம். திரும்ப இழுப்பது ஒரு விநாடி வேலை. மவுஸைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். எந்தப் பக்கத்தில் விட்டிருந்தேன் என்பது சட்டென்று ஞாபகம் வந்தது.

இருபது நாளில் கணேஷ்ராமின் இரங்கல் வந்தது. நான்கு வரிதான், ஆனால் உண்மையாகவே வருந்தியிருந்தார். பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது, உங்கள் ஆறுதலுக்கு நன்றி என்று பதில் அனுப்பினேன். அன்று மாலை அந்தப் பதினாறாம் நாளுக்கு உரியவள் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது.

என் கணக்கில் தவறியது ஒன்றே ஒன்று. நம் ஊரில் பெண் பார்க்க வராமல் இருந்துவிடுவார்கள். துக்கம் கேட்க வராமல் இருக்க மாட்டார்கள். ஏழு மாதம் கழித்து ஊர் திரும்பினாலும், மறுநாளே ஆட்டோ பிடித்து வந்துவிடுவார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த நான் இதை மறந்திருக்கக் கூடாது.

சித்திரையில் ஒரு காலை, கணேஷ்ராமின் அம்மா ஞானம்பாள் வந்தார். நான் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தேன். சங்கரிதான் கதவைத் திறந்தாள்.

“காந்திமதிநாதன் வீடு இதானா தாயி?”

“ஆமா, உள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கிய. காப்பி போடுதேன்.”

“வேண்டாம் தாயி. துக்கம் கேக்க வந்த எடத்துல கை நனைக்கப்படாது.”

“இங்கன யாருக்குத் துக்கம்?”

“உங்க வீட்டுப் பிள்ளை சங்கரிக்குத்தான். எம் மகன் கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, கெட்டுனா இந்தப் பிள்ளையத்தான்னு நின்னான். நானும் அவன்கூடத்தான் இருந்தேன். பொறவு பாத்தா படத்துக்குப் பக்கத்துல வெளக்கு எரியுது. ரெண்டு நாள் அவன் சோறு திங்கல. நீ யாரும்மா, கூடப் பொறந்தவளா?”

நான் பக்கத்தைப் புரட்டவில்லை. புரட்டினால் சத்தம் கேட்கும். அவர் தேடி வந்தது இருபத்திரண்டு வயதுப் படத்தின் முகத்தை. எதிரில் நின்றவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“அவளுக்கு மூத்தவ,” என்றாள் சங்கரி.

“எப்பம்மா நடந்துச்சு?”

“அது ஆச்சு, பதினோரு வருசம்.”

“என்ன தாயி சொல்லுத? போன புரட்டாசின்னுல்லா உங்க அண்ணன் எழுதுனாக.”

“அவுக இப்பத்தான் எழுதியிருக்காக.” நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. “உங்க மகனுக்கு எங்கயும் அமைஞ்சுதா?”

“தென்காசிப் பிள்ளை. ஆவணியில முகூர்த்தம். அவன் மனசில்லாமத்தான் சரின்னான்.”

“நல்லா இருக்கட்டும்.”

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக் கூடாது. ஞானம்பாள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். சங்கரி என் அறை வாசலில் வந்து நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. நான் தலை தூக்கவில்லை. எங்கள் வீட்டில் இருந்த மௌனங்களிலேயே அது நீளமானது. நல்ல மௌனம் என்று சொல்ல முடியாது.

மறுநாள் காலை காப்பி வரவில்லை. அடுக்களையில் போய்ப் பார்த்தேன். பில்டர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அவள் பெட்டி இல்லை. அவளும் சொல்லிக்கொள்ளாமல்தான் போயிருந்தாள். முறையைச் சரியாகக் கடைப்பிடித்திருக்கிறாள்.

பாளையங்கோட்டையில் பெண்கள் விடுதி ஒன்றில் இருப்பதாகக் கேள்வி. பென்ஷன்காரர்களைப் போலத் தான் உயிரோடு இருப்பதாக மன்றத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்; அதை வைத்துத்தான் நீங்கள் விளக்கம் கேட்கிறீர்கள். ‘மணமகள்’ வரிசையில் தன் பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டாம் என்றும் அவள் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அப்படியானால் அவள் பக்கம் இருக்கும் இடத்திலேயே இருக்கலாம் என்பது என் யோசனை. அஞ்சலியில் புதியவர்தான் முதலில் வருவார். எந்த வரிசையிலும் அவளுக்குக் கிடைத்த ஒரே முதலிடம் அது. அண்ணன் வாங்கிக் கொடுத்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டரை இனி நான் தொடக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறீர்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆகவே ‘மணமகன்’ வரிசையில் என் பெயரைப் பாக்கியசீலனை விட்டுச் சேர்க்கச் சொல்லவும். எனக்கு இனித் தடை ஒன்றுமில்லை. அதிகம் பேசாத பெண்ணாக இருந்தால் போதும். முதல் பத்துக்குள் வைக்கவும். வயதைப் பார்த்து யாரும் தயங்காமல் இருக்க, ‘தங்கைக்காக இத்தனை நாள் காத்திருந்தவர்’ என்று ஒரு வரி எழுதினால் நல்லது. அது உண்மையும்கூட.