கிஷோ வாயத் தொறக்க மாட்றான்

...இல்லம்மா, நீயே சொல்லு. எட்டு மாசப் புள்ள முன்னால கேரட்ட குச்சி குச்சியா வெட்டி வச்சா அது என்ன பண்ணும்? அவன் என்ன முயலா? பல்லே ரெண்டுதான், அதுவும் நேத்துதான் எட்டிப் பாக்குது.

உள்ள வா, உள்ள வா. செருப்பு வாசல்லயே கெடக்கட்டும், யாரும் தூக்க மாட்டாங்க. முன்ன ஒரு நாயி தூக்கிட்டுப் போவும், அது செத்துப் போச்சு. நீ தானே பக்கத்து வூட்டு ராமகிருஷ்ணனுக்கு வந்த மருமவ? புனிதா தானே? வடக்க கெடாலேர்ந்து இந்தப் பெடாஸ் ஊருக்கு வாக்கப்பட்டு வந்திருக்க, தூரம்லா. பசியாறிட்டியா? பார்சலா? இருக்கு, இருக்கு. காலைல அந்தப் பையன் உங்க வூட்டுக் கதவத் தட்டித் தட்டிப் பாத்துட்டு எங்கிட்ட குடுத்துட்டுப் போனான். எடுத்துத் தரேன், மொதல்ல இவனப் புடி. கிஷோ, சித்தி மடில ஒக்காருடா. கிஷோதரன்னு பேரு. நான் முனியாண்டின்னு வைக்கச் சொன்னேன், எங்க பழைய தோட்டத்து சாமி பேரு. வூட்ல ஒருத்தரும் காதுல போட்டுக்கல. முனியாண்டின்னு வச்சிருந்தா இந்நேரம் ஆட்டுக்கறியே தின்னிருப்பான்.

கேரட்டு எங்க விட்டேன்... ஆங். என் மருமவ ரோகினி ஃபோன்ல பாத்தாளாம். புள்ளைக்கு நாம ஊட்டவே கூடாதாம், அதுவா எடுத்து அதுவா திங்கணுமாம். சரி, தின்னட்டுமேன்னு நானும் ஒக்காந்து பாத்தேன். கேரட்ட எடுத்தான். திருப்பித் திருப்பிப் பாத்தான். நகந்து நகந்து போனான். கொண்டு போயி தாத்தா காதுல சொருகிட்டான்.

எங்கூட்டு ஆளு அந்தா ஒக்காந்திருக்காரு பாரு, அவருதான். பேச்ச கொறைக்க வேணாம், எழுந்திருக்க மாட்டாரு. லோரி ஓட்டிப் பழகுன ஒடம்பு, ஒக்காந்தாதான் தூக்கம் வரும், படுத்தா முழிச்சுக்குவாரு. அப்ப ஓட்டும்போது தூங்குனாரான்னு கேக்காத. நானும் இத்தன வருஷமா கேக்கல.

இன்னொரு நாளு கஞ்சிக் கிண்ணம், அந்த மங்கு, அதையே இவன் கைல குடுத்துட்டேன், இந்தாடா நீயே அள்ளுன்னு. தாத்தா வாயப் பொளந்துகிட்டு கொறட்ட விட்டுகிட்டு இருந்தாரா, இவன் ஒரு கை அள்ளி அவரு வாயில போட்டுட்டான். அவரு கண்ணக்கூட தொறக்கல. மென்னாரு, முழுங்குனாரு, "உப்பு பத்தல மயிலு"ன்னாரு. அடுத்தவனுக்கு ஊட்டத் தெரியுதும்மா இவனுக்கு. தன் வாய மட்டும் பூட்டு போட்டு வச்சிருக்கான்.

நீ சிரிக்கிற. நான் அழுவாத கொறையா நிக்கிறேன். நாளைக்கு சம்பந்தியம்மா வராங்க, போர்டிக்சன்லேர்ந்து. எதுக்கு? இவனத் தூக்கிட்டுப் போக. வாரம் பூரா அங்கயாம், சனி ஞாயிறு மட்டும் இங்கயாம். ரோகினிதான் முடிவு பண்ணிட்டா. அவ ஃபேக்டரிக்குப் போறா, என் மவன் தர்மேந்திரன் சிரம்பான் போறான், பகல் பூரா புள்ள என் கைலதான். "அத்த, உங்க கிட்ட இருந்தா அவன் பாலத் தவிர ஒண்ணும் தொட மாட்றான், எங்கம்மா கிட்டன்னா மங்க நக்குறான், நான் வேற என்ன பண்றது"ன்னு கேட்டா. கோவமாக்கூட கேக்கல, அதான் எனக்கு வலிக்குது. கோவமா கேட்டிருந்தா நானும் நாலு வார்த்த சொல்லியிருப்பேன்லா. என் மவன் பக்கத்துல நின்னு ரெண்டு பேருக்கும் சேத்துத் தலைய ஆட்டுறான்.

கடைசில அவளே எறங்கி வந்தா. இன்னிக்கு அவ வேல விட்டு வரதுக்குள்ள இவன் அர மங்கு தின்னுட்டான்னா, இங்கயே இருக்கட்டும்னா. அர மங்கு. காலைலேர்ந்து அரக் கரண்டி போகல. இவனும் போயிட்டா இந்த வூட்ல யாரு இருக்கா, நானும் அந்தக் கொறட்டயும்.

இந்தா உன் பார்சலு. என்ன இது இவ்வளவு லேசா இருக்கு, உள்ள சாமான் இருக்கா பாரு. இரு இரு, ஏன் எழுந்திருக்கிற? புள்ள உன் மடில எவ்வளவு அமரிக்கையா இருக்கான், எழுப்பி விடாத.

போர்டிக்சன்ல திங்கிறானே, அது என்ன மாயம்னு கேக்கிறியா. கேக்கலன்னாலும் சொல்றேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் அங்க போவாங்க. போனா ஒரு வீடியோ வரும். சம்பந்தியம்மா கரண்டியக் காட்டுறாங்க, இவன் ஆ...ன்னு குருவிக் குஞ்சு மாதிரி. ஒரு வாயி, கை தட்டுறான். ரெண்டாவது வாயி, குதிக்கிறான். வள்ளிநாயகின்னு பேரு அவுங்களுக்கு, நல்ல மனுசிதான், கொற சொல்லக் கூடாது. ஆனா வீடியோ எடுக்கையில பின்னால இருந்து ஒரு சிரிப்பு சிரிப்பாங்க பாரு, அந்த சிரிப்ப மட்டும் வெட்டிட்டு அனுப்பச் சொல்லணும்.

நான் விடுவேனா. அரிசியிலதான் இருக்குதுன்னு அவுங்க வாங்குற அரிசியே வாங்குனேன். வாயத் தொறக்கல. சரி, பானைலதான் இருக்குதுன்னு, அவுங்க பானையவே கேட்டு வாங்கிட்டு வரச் சொன்னேன். பானையோட ஒரு மூடியும் மங்கும் கரண்டியும் இலவசமா அனுப்புனாங்க, அப்பவும் அதே சிரிப்பு சிரிச்சிருப்பாங்க. தொறக்கல. அப்புறம் யோசிச்சேன்... சரி, ஆளுதான் வித்தியாசம்னா ஆளையே மாத்திருவோம். சம்பந்தியம்மா ஊட்டுறப்ப ஒரு தொளதொள அங்கி, கப்தான், போட்டிருப்பாங்க, ஊதா கலரு, பெரிய பெரிய பூவு. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைல தேடித் தேடி அதே மாதிரி ஒண்ணு வாங்கிப் போட்டுகிட்டேன். கண்ணாடி முன்னால நின்னா எனக்கே "வாங்க சம்பந்தி"ன்னு வாயில வந்துருச்சு. இவரு தூக்கத்துலேர்ந்து முழிச்சாரு, என்னப் பாத்தாரு, எழுந்து நின்னு கைலிய எறக்கி விட்டுகிட்டு "எப்ப வந்தீங்க, மயிலு உள்ள இருக்கா"ன்னாரு. கட்டுன புருஷனே ஏமாந்துட்டாரு. இந்த சுண்டக்கா ஏமாறல. ஒரு பார்வ பாத்தான், வாய இறுக்கிகிட்டான்.

வேடிக்க காட்டுனா திம்பான்னு சொன்னாங்களா, அதையும் பண்ணேன். பின்னால எண்ணெ எடுக்குற செம்பனைக் காட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன், பழக் கொல ஏத்துற லோரியக் காட்டுனேன். லோரியப் பாத்து வாயத் தொறந்தான். தொறந்தானேன்னு கரண்டியக் கொண்டு போறதுக்குள்ள மரத்துலேர்ந்து ஒரு கொரங்கு எறங்கி வந்து மங்கப் புடுங்கிட்டுப் போயிருச்சு. பொய் இல்லம்மா, சத்தியம். மட்ட மேல ஒக்காந்துகிட்டு வழிச்சு வழிச்சுத் தின்னுச்சு. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து நின்னுச்சு. அதுக்காச்சும் என் சமையல் புடிச்சுதேன்னு எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். ஆனா அது மங்கத் திருப்பித் தரல, சம்பந்தியம்மா மங்கு வேற.

தோட்டத்துல இருந்தப்ப நாங்கல்லாம் இப்படியா புள்ள வளத்தோம். விடியக்காலைல புள்ளைங்கள ஆயா கொட்டாய்ல போட்டுட்டு ரப்பர் பால் வெட்டப் போயிருவோம். ஆயா ஒரே சட்டி கஞ்சி, ஒரே கரண்டி, வரிசையா ஒக்கார வச்சு ஊத்திகிட்டே போவா. வாயத் தொறக்காதவனுக்கு அடுத்தவன் தொறப்பான், அவ்வளவுதான். என் மவன் பக்கத்துப் புள்ளைக்கு வந்ததையும் சேத்துத் தின்னவன். இப்ப பாரு அந்த ஒடம்ப. அவனுக்குப் பொறந்தது இப்படி...

சரி, நேரமாச்சு. ரோகினி வந்துருவா. நீ இருக்கையிலயே ஒரு தடவ முயற்சி பண்ணிப் பாப்போம், புது மொகத்தப் பாத்தாச்சும் தொறப்பான். இந்தா கஞ்சி, ஆறிருச்சு. அரிசியும் பூசணிக்காயும், மைய மசிச்சது. உப்பு கெடையாது, சீனி கெடையாது, காரம்னு பேச்சே கெடையாது, எல்லாம் ரோகினி சொல்லிக் குடுத்த மாதிரி.

இரு, மொதல்ல சுத்திப் போட்டுர்றேன். இது இல்லாம நான் ஒரு வாயி ஊட்டுறதில்ல. ஆறு மாசத்துல மொத வாயி குடுத்த அன்னிக்கு வந்தவங்க எத்தன பேரு, எத்தன கண்ணு. அன்னிலேர்ந்து தெனம் ரெண்டு வேள சுத்துறேன். மத்தவங்க காஞ்ச மொளகால சுத்துவாங்க, நம்ம கேஸுக்கு அது பத்தாதும்மா, கண்ணு கெட்டிக் கண்ணு. அதான் பின்னால காய்க்கிற சிலி பாடி, இந்தக் குட்டி மொளகா இருக்குல்ல, ஒண்ணு போதும் வாயி வெந்துரும், அதுல ஒரு கைப்புடி, கல்லு உப்பு. நல்லா கைக்குள்ள வச்சு நசுக்கணும். நசுங்கி சாறு எறங்கணும், அப்பதான் புடிக்கும். அசையாதடா. ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, போர்டிக்சன் கண்ணு... து, து, து. ஆச்சு. உனக்கும் ஒரு சுத்து, புதுப் பொண்ணு, இந்தா. அடுப்புல போட்டுட்டு வரேன்.

கையா? துண்டுல தொடச்சிட்டேன்லா.

கரண்டிய அப்புறம் எடுத்துக்கலாம். மொத வாயி எப்பவும் என் கையாலதான். ராத்திரி ரோகினி ஊட்டுனாலும் மொத வாயி நான் வெரல்ல எடுத்து ஒதட்டுல தடவிட்டுத்தான் அவ கிட்ட விடுவேன். பெரியவங்க கை படணும்லா. வாடா என் தங்கம், ஆ...

பாத்தியா. பாத்தியா மூக்க சுருக்குறத? வெரல் வரதுக்கு முன்னயே மொகத்த உன் முந்தானைல பொதச்சுகிட்டான். நான் என்னடா பண்ணேன் உனக்கு?

கஞ்சில கொற இருக்குமோ. புனிதா, நீ வாயத் தொற. நீயாச்சும் தொறக்கிற. எப்படி இருக்கு? நல்லாத்தானே இருக்கு?

ஏம்மா... என்னாச்சு? கண்ணுல தண்ணி வருது? அடடா. அம்மா நெனப்பு வந்துருச்சா? ஊட்டி விட்டதும் வந்துருச்சு. கெடா என்ன பக்கமா, வந்து ஒரு வாரம்தான் ஆவுது. அழுவாதம்மா. நானும் கல்யாணம் கட்டி வந்த புதுசுல குசினிக்குள்ள போயி போயி அழுவேன், வெங்காயம்னு சொல்லிக்குவேன். இரு, நான் கண்ணத் தொடச்சி விடறேன். இப்படித் திரும்பு...

ஏ, ஏ, என்ன இப்படித் துள்ளுற? எங்க ஓடுற? புள்ள, புள்ளையக் குடு. பைப்பு அந்தப் பக்கம். நல்லா அடிச்சுக் கழுவு. அம்மா நெனப்புக்கு இவ்வளவு தண்ணியா? என்ன? என்ன கையக் காட்டுற? என் கையா? என் கைக்கு என்ன? சுத்தமாத்தான்...

இரு. நக்கிப் பாக்கறேன்.

...

அட என் ஆண்டவனே.

புனிதா. இங்க வா. தண்ணி குடி. பாலு தரேன், பாலு குடி, எரிச்சல் அடங்கும். கண்ணு தெரியுதா? நான் எத்தன பேரு தெரியறேன்? சரி, ஒண்ணுதான், நல்லது.

ரெண்டு மாசம்மா. ரெண்டு மாசமா இந்தக் கையால. நல்லவேள ஒதட்டுல தடவுனதோட சரி, உள்ள விட்டதில்ல, அவன் விடல. கெட்டிக்காரன்டா நீ. என் புருஷனுக்குத் தெரியல, என் மவனுக்குத் தெரியல, நீ தெரிஞ்சு வச்சிருக்க. நான் பானைய மாத்துறேன், கப்தான மாத்துறேன்... அந்த வீடியோல சம்பந்தியம்மா கரண்டியாலதான ஊட்டுனாங்க. தெனம் பாத்தேனே, சிரிப்ப மட்டும்தான் பாத்தேன்.

நான் கழுவறேன், எண்ணெ போட்டு சோப்பு போட்டுக் கழுவறேன், இருந்தாலும் இன்னிக்கு இந்தக் கை வேணாம். நீ புடி. உன் கை கழுவியாச்சுல்ல? புதுக் கரண்டி இந்தா. அந்தக் கஞ்சி வேணாம், பானைல தனியா இருக்கு, அத ஊத்து. நான் அந்தத் தூணுக்குப் பின்னால நின்னுக்கறேன், என்னப் பாத்தா வாய மூடிக்குவான். ஊட்டு. மெல்ல. வெரல் வேணாம், கரண்டி, கரண்டி.

...முழுங்கிட்டானா?

இன்னொரு வாயி. தொறக்குறான். புனிதா, தொறக்குறாம்மா, நீ கேக்காமயே தொறக்குறான். கை தட்டுறான் பாரு, வீடியோல பண்ணுற மாதிரியே, என் வூட்ல, என் வூட்டு நாற்காலில. எழுந்திருங்க, இந்தாங்க, எழுந்து பாருங்க உங்க பேரன... இவரு எங்க எழுந்திருக்கப் போறாரு. நீ நிறுத்தாத, போட்டுகிட்டே இரு. அர மங்கு தாண்டிருச்சா? தாண்டிருச்சு. வழிச்சு ஊட்டும்மா, வழிச்சு.

வாசல்ல காடி நிக்கிற சத்தம். ரோகினிதான். புனிதா, மத்த பேச்சு இருக்கட்டும், இத மட்டும் கேளு... நீ ஒண்ணும் சொல்லாத. வந்ததுலேர்ந்து ஒரு வார்த்த பேசாம எவ்வளவு நல்ல புள்ளையா ஒக்காந்திருந்த, அப்படியே இரு.

வாம்மா ரோகினி. மங்கப் பாரு. வேற எங்க பாக்கிற, மங்கப் பாரும்மா, காலி. முழு மங்கு. இல்லம்மா, கொரங்கு திங்கல, உன் மவன்தான் தின்னான், அவன் மொகத்துலயே ஒட்டிகிட்டு இருக்கு பாரு. எப்படியா? பக்கத்து வூட்டுப் புள்ள, புனிதா, கெடா. அவ கை ராசி. அவ கண்ணா? தூசி விழுந்துருச்சு. நீ மொதல்ல உங்கம்மாவுக்கு ஃபோன் போடு, நாளைக்கு வர வேணாம்னு... சரி சரி, வரட்டும், வந்து ஒரு வாயி சாப்ட்டுட்டு, பானைய எடுத்துகிட்டு போகட்டும். கிஷோ இங்கதான்.

புனிதா, பார்சல மறந்துறாத, இந்தா. நாளைக்குப் பகல்ல வந்துரு, கஞ்சி நேரத்துக்கு. நாளான்னிக்கும் வா. எனக்கு இந்த நகக் கண்ணுல மொளகாக் காரம் போற வரைக்கும் வா. வந்து நீ ஊட்டு, பேசறத நான் பாத்துக்கறேன்.