சோக்குக் கோடு போட்ட சில்லு

இந்தக் கதிரையின் பின்கால் ஆடுகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. சரியான திருப்புளி ஒன்று இருந்தால் அரை நிமிட வேலை. சரியானது என்றால், நுனி ஸ்குரூவின் வெட்டில் அசையாமல் உட்கார வேண்டும். என்னிடம் அப்படி ஏழு உண்டு. பத்தொன்பது வருடமாக நானே அரத்தால் ராவி வைத்திருப்பவை. கொட்டாஞ்சேனையில் கார், லொறி வைத்திருக்கும் எவரையும் கேளுங்கள், பேர்னாட் முறுக்கியது இளகாது என்பார்கள்.

மர்ஸூக் எங்கள் கராஜின் லொறி டிரைவர். தங்கமான மனிதன், வாயைத் திறந்தால் பகிடிதான். ஒரேயொரு பழக்கம்தான் கூடாது. பெயின்ட் டின் திறக்க என் திருப்புளியை எடுப்பான். இரண்டு தரம் பொறுத்தேன். மாமன்னரின் முடிசூட்டு விழாவுக்கென்று லொறிக்கு வர்ணம் அடித்த அன்று, நுனி உடைந்து வந்தது.

"டின் மூடியொண்டு தொறக்கத்தானே எடுத்த. அதுக்குப் போய் மொகத்தத் தூக்கி வெச்சீக்கிய?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உடைந்த நுனியைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், ஐயா.

எங்கள் கராஜில் ஒரு வழக்கம். கார், லொறிச் சில்லைப் பூட்டிய ஃபிட்டர், இறுக்கியாயிற்று என்று காட்ட நட்டுகளின் மேல் சோக்குக் கட்டியால் கோடு இழுப்பான். கோட்டைக் கண்ட டிரைவர் ஸ்பானரைத் தொடமாட்டான். தொட்டால், உன் வேலையை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அந்த மரியாதையில் மர்ஸூக் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை முன்சில்லைப் பூட்டினேன். ஐந்து நட்டுகளையும் நன்றாக இறுக்கினேன். பிறகு ஒவ்வொன்றையும் அளவாக இளக்கிவிட்டுக் கோடு போட்டேன். அவன் கோட்டைப் பார்த்து, என் முதுகில் தட்டிவிட்டு ஏறினான். அந்த நேரம் பார்த்து அவன் மனைவி லுத்பியா வந்தாள். வெள்ளவத்தையில் தங்கை வீட்டுக்குப் போகவேண்டுமாம். பெருநாள் தவறாமல் எனக்கு வட்டிலப்பம் அனுப்புகிறவள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

"பேர்னாட் அண்ணன், போயிட்டு வாரேன்" என்றாள்.

"கவனமாப் போயிட்டு வாங்கோ" என்றேன். ஸ்பானரைத் துடைத்து ஆணியில் மாட்டினேன்.

வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் சில்லு கழன்று லொறி தண்ணீருக்குள் போனது. இரண்டு பேரும் முடிந்தார்கள். நான் அதோடு விட்டிருப்பேன். ஆனால் மரண விசாரணையில் என்ன எழுதினார்கள்? நட்டுகளைச் சரியாக இறுக்காத ஃபிட்டரின் கவனக்குறைவாம். முதலாளி கனகசபாபதி என் தோளில் கை வைத்து, "மனிசருக்குப் பிழை வாறதுதானே, பேர்னாட்" என்கிறார். நேற்று ஒருவர் காரை வேறு கராஜுக்குக் கொண்டுபோய்விட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் நானாக வந்தேன். அந்த வரியை வெட்டிவிடுங்கள், ஐயா. இதில் கைத்தவறே இல்லை. இறுக்கியவனும் நான், தெரிந்தே இளக்கியவனும் நான், அந்தப் பெண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவனும் நான். கொலை என்றே போடுங்கள். பத்திரிகையில் வந்தால், பிறகு என் வேலையைக் குறை சொல்ல கொட்டாஞ்சேனையில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.